புல்லும் பயறும் ஒரே நிலத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளக்கோவில் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. பாசனம் கிடையாது, வானம் பார்த்த மேய்ச்சல் நிலம். அதைப் பார்க்க வருகிறவர்களும், புதிதாக மாடு வாங்கித் தீவனப் பயிர் போட நினைப்பவர்களும் ஒரே சந்தேகத்தைத்தான் வேறுவேறு விதமாகக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

புல்லையும் பயறுவகையையும் கலந்து விதைத்தால் மண் வளம் கூடும் என்பது உண்மைதானா?

கூடும். ஆனால் விதைத்த மாத்திரத்தில் கூடிவிடாது. விளைந்ததில் எவ்வளவை அந்த நிலத்திலேயே விட்டுவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கூடும். அறுத்ததையெல்லாம் கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "பயறு கலந்துதானே போட்டேன், மண் ஏன் தேறவில்லை?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பயறு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். அதன் சம்பாத்தியம் வண்டியோடு போயிருக்கும்.

பயறு காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கிறது என்கிறார்களே, கண்ணால் பார்க்க முடியுமா?

சத்தைப் பார்க்க முடியாது, அது தயாராகும் இடத்தைப் பார்க்கலாம். மழை பெய்து ஐந்தாறு வாரம் கழித்து ஒரு நரிப்பயறுச் செடியையோ தட்டைப்பயறுச் செடியையோ களைக்கொத்தால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்தெடுங்கள். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பார்க்க வேண்டியது மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஒரு வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிட்டு அலசினால், வேரில் கடுகு முதல் மிளகு வரை பருமனுள்ள மணிகள் தெரியும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே மாட்டிறைச்சி போலச் சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். வெளுத்திருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உதவாத பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த மணியின் காலம் முடிந்தது.

அந்த மணிக்குள் இருப்பது ரைசோபியம் என்னும் பாக்டீரியா. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்றாலும் அதைப் பிரித்து உண்ணும் வல்லமை எந்தச் செடிக்கும் இல்லை, இந்தப் பாக்டீரியாவுக்கு உண்டு. செடி சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா தழைச்சத்து கொடுக்கிறது. உள்ளே தெரியும் சிவப்பு, நம் இரத்தச் சிவப்புக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம். பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், ஆனால் அது கொஞ்சம் கூடினாலும் நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி கெட்டுவிடும். அதனால் ஆக்சிஜனை அளந்து கொடுப்பதற்கு அந்தச் சிவப்பு. 1888-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் இந்தக் கூட்டு வாழ்க்கையைச் சோதனை செய்து நிறுவினார்கள். பயறு போட்ட நிலம் அடுத்த பயிருக்குக் கைகொடுக்கும் என்று அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே உழவர்களுக்குத் தெரியும். ஏன் என்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. நூற்புழு தாக்கிய வேரிலும் முண்டு முண்டாக இருக்கும். அந்த முண்டு வேரே வீங்கியது, கிள்ளினால் தனியாக வராது. ரைசோபியம் மணி வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தாலே உதிரும். நூற்புழு முண்டைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் உண்டு. முதல் வருடம் நானே அப்படித்தான் இருந்தேன்.

சரி, பயறு எடுத்த சத்து பக்கத்தில் நிற்கும் புல்லுக்கு எப்படிப் போகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் தவறான பதில் அதிகமாக உலவுகிறது. பயறின் வேரிலிருந்து புல்லின் வேருக்குக் குழாய் வைத்தாற்போல் சத்து பாய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் பயறுச் செடி கஞ்சம். வேரில் கசிவது கொஞ்சம், இரண்டு வேர்களையும் இணைக்கும் வேர்ப்பூஞ்சை வழியாகப் போவது கொஞ்சம். அதை நம்பிப் புல் வளர முடியாது.

பெரும்பகுதி செடியின் ஏதோ ஒரு பாகம் சாகும்போதுதான் வெளியே வருகிறது. ஆடு பயறை மேய்கிறது, அல்லது நீங்கள் அறுக்கிறீர்கள். தழை போனதும் செடியால் அத்தனை மணிகளுக்கும் சர்க்கரை ஊட்ட முடிவதில்லை. ஒரு பகுதி மணிகளையும் நுண்வேர்களையும் கைவிட்டுவிடுகிறது. அவை மண்ணில் மட்கும்போது புல்லின் வேர் அங்கே வந்து நிற்கிறது. உதிர்ந்த இலைகள் இரண்டாவது வழி. மூன்றாவதுதான் மேய்ச்சல் நிலத்தில் பெரிய வழி: சாணமும் மூத்திரமும். மாடு தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் அதன் உடலில் தங்குவதே இல்லை, பின்பக்கமாகத் திரும்பி வந்துவிடுகிறது.

ஆகவே முதல் பருவத்தில் புல்லில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். முதல் பருவத்திலேயே புல் கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது கொடையினால் அல்ல, போட்டி குறைந்ததால் வந்தது. பக்கத்தில் இன்னொரு புல் இருந்திருந்தால் மண்ணில் உள்ள தழைச்சத்துக்கு இரண்டும் அடித்துக்கொண்டிருக்கும். பயறு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால், மண்ணில் இருப்பது புல்லுக்கு மிஞ்சுகிறது.

யூரியாக் கணக்கில் சொன்னால் எவ்வளவு தேறும்?

பொதுவான கணக்கு ஒன்று இருக்கிறது. நன்றாக மணி பிடித்த பயறுவகைச் செடி, காய்ந்த எடையில் ஒரு டன் விளைந்தால், சுமார் 20 கிலோ தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்திருக்கும். காய்ந்த ஒரு டன் என்பது பச்சையாக ஏறக்குறைய ஐந்து டன். ஒரு யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, காய்ந்த ஒரு டன் பயறுத் தழைக்கு ஒரு மூட்டை யூரியா என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இது வரவு. செலவையும் பாருங்கள். உளுந்துப் பருப்பில் கிட்டத்தட்ட 24 சதவீதம் புரதம். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் தழைச்சத்து வரும். 100 கிலோ உளுந்து நிலத்தை விட்டுப் போகும்போது கிட்டத்தட்ட 4 கிலோ தழைச்சத்து கூடவே போகிறது. ஏக்கருக்கு நான்கு குவிண்டால் எடுத்தால் 15 கிலோ. அதோடு காய்த்தோலையும் கொடியையும் மாட்டுக்கு அள்ளிவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த இலையும்தான். நிலக்கடலையில் இன்னும் மோசம். காய், கொடி, வேர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போகிறோம். கடலை போட்ட நிலம் வளமாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரிடம், கடலைக்கொடி எங்கே போனது என்று கேளுங்கள்.

தீவனத்துக்கான பயறை மாட்டுக்கே போட்டு, எருவை அதே நிலத்துக்குக் கொண்டுவந்தால் கணக்கு மாறிவிடும். குப்பைமேட்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும்போது ஆவியாகவும் கரைந்தும் போவது தனிக் கணக்கு. மூத்திரத்தில் வரும் தழைச்சத்து விரைவாக ஆவியாகும். கட்டுத்தரையில் மண்ணையோ கழித்த தீவனத்தையோ பரப்பி உறிஞ்சவிட்டால் ஓரளவு காப்பாற்றலாம்.

பயறுதான் சத்து கொடுக்கிறது என்றால் பயறை மட்டுமே போடலாமே, புல் எதற்கு?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

மண்ணின் வளம் என்பது தழைச்சத்து மட்டும் அல்ல. கைப்பிடி மண்ணைப் பிடித்தால் பொலபொலவென்று உதிர்வது, பெய்த மழை ஓடாமல் உள்ளே இறங்குவது, வெயிலில் இரண்டு நாள் கூடுதலாக ஈரம் நிற்பது, இதெல்லாம் மண்ணில் உள்ள மக்கினால், அதாவது மட்கிய தழை, வேரினால் வருவது. மக்கில் 10 முதல் 12 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற விகிதம் பெரிதாக மாறுவதில்லை. வீடு கட்ட மணலும் சிமெண்டும் ஒரு கணக்கில் வேண்டியது போலத்தான் இதுவும். பயறுத்தழை தனியாக மட்கினால் தழைச்சத்து மளமளவென்று வெளியே வரும். பிடித்து வைக்கக் கார்பன் போதாது. மழை வந்தால் அது நைட்ரேட்டாக வேருக்குக் கீழே இறங்கிவிடும். புல் மட்டும் இருந்தால் கார்பன் மலைபோலக் குவியும், தழைச்சத்துக்குப் பஞ்சம். கார்பன் நுண்ணுயிர்களின் மூச்சாக வெளியேறிக்கொண்டே இருக்கும், மக்காக நிற்காது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்ற இடத்தில் வளமில்லாத மணற்பாங்கான நிலத்தில் 1994-ல் ஒரு நீண்டகாலச் சோதனை தொடங்கினார்கள். ஒற்றைப் பயிர்ப் பாத்திகள், பல பயிர் கலந்த பாத்திகள் என்று நூற்றுக்கும் மேல். உரம் கிடையாது. 12 ஆண்டுகள் கழித்து மண்ணை அளந்தபோது, கலந்த பாத்திகளில் சேர்ந்திருந்த கார்பனும் நைட்ரஜனும் ஒற்றைப் பயிர்ப் பாத்திகளைவிடப் பல மடங்கு. அதற்குப் பெரிய காரணமாக அவர்கள் கண்டது, வெப்பகாலப் புல்லும் பயறுவகையும் ஒன்றாக இருந்ததைத்தான். நம் கொழுக்கட்டைப்புல், சோளம், கம்பு, நேப்பியர் எல்லாம் அந்த வெப்பகாலப் புல் இனத்தைச் சேர்ந்தவை.

புல் செய்யும் இன்னொரு காரியம் வெளியே தெரியாது. மண்ணில் நைட்ரேட் நிறைய இருந்தால் பயறு சோம்பேறியாகிவிடும், மணி பிடிக்காது. மண்ணில் கிடைப்பதை எடுத்துக்கொள்வது அதற்குச் சுலபம். புல்லின் சல்லிவேர் அந்த நைட்ரேட்டை முதலிலேயே உறிஞ்சிவிடுவதால், பயறுக்குக் காற்றை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. புல்லோடு நிற்கும் பயறு தன் தேவையில் கூடுதல் பங்கைக் காற்றிலிருந்து எடுப்பதன் ரகசியம் இதுதான். பயறு புல்லை வாழவைக்கிறது என்று பேசுகிறோம், புல் பயறை வேலை வாங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கலப்புப் பயிருக்கு யூரியா போடலாமா?

போட்டால் பயறு போய்விடும். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856-ல் லாஸ், கில்பர்ட் இருவரும் ஒரு புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து வெவ்வேறு உரம் போடத் தொடங்கினார்கள். அந்தச் சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அமோனியம் சல்பேட் என்ற தழைச்சத்து உரம் போட்ட பாத்திகளில் பயறுவகைகள் மறைந்து புல் ஆதிக்கம் செலுத்தியது. சுண்ணாம்பு இடாத இடங்களில் மண்ணின் கார அமில நிலை (pH) 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. தழைச்சத்து கொடுக்காமல் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மட்டும் கொடுத்த பாத்திகளில் பயறுவகைகள் பெருகின.

நம் ஊரில் இதைப் பார்க்க அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டாம். கம்பு நேப்பியர் புல்லும் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமும் கலந்து போட்டுவிட்டு ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா வீசுகிற தோட்டங்களில் புல் ஓங்கி நிழல் கட்டி, வேலிமசால் அடியில் மெலிந்து கரைந்துபோகும். புல் விளைச்சல்தான் குறி என்றால் யூரியா போடுங்கள், தப்பில்லை. பயறு விதைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். கலப்புதான் வேண்டும் என்றால் தொடக்கத்தில் தொழுவுரமும் அடியுரமாக மணிச்சத்தும் கொடுத்து, பிறகு மேலுரத்தை மறந்துவிடுங்கள். மணிச்சத்து இல்லாத மண்ணில் வேர்மணி பிடிக்காது.

தழைச்சத்தைத் தவிர வேறு ஏதாவது லாபம் உண்டா?

இரண்டு சொல்கிறேன்.

துவரை, மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்தெடுக்கும் அமிலத்தை வேரிலிருந்து கசியவிடுகிறது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் கண்டறிந்து 1990-ல் வெளியிட்டார்கள். சோளத்தால் தொட முடியாத மணிச்சத்தைத் துவரை மேலே கொண்டுவருகிறது. அதன் இலை உதிர்ந்து மட்கியபின் அதில் ஒரு பங்கு அடுத்து வரும் பயிருக்கும் கிடைக்கும். செம்மண்ணில் சோளத்துக்கு நடுவே துவரை போட்ட பெரியவர்கள் வேதியியல் படிக்கவில்லை.

அடுத்தது இதற்கு நேர் எதிர்: புல் பயறுக்குச் செய்யும் உதவி. சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையின் இளம் இலை வெளுத்து மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச்சத்து மண்ணில் இருக்கும், கடலையால் எடுக்க முடியாது. புல் இனங்களின் வேர், இரும்பைப் பற்றிக் கரைத்துக்கொள்ளும் ஒரு பொருளைச் சுரக்கிறது. சீனாவில் இப்படிப்பட்ட மண்ணில் கடலைக்குப் பக்கத்திலேயே மக்காச்சோளம் விதைத்தபோது, அதன் வேரோடு வேர் பின்னிய வரிசைகளில் கடலை பச்சையாக நின்றது. தள்ளி நின்ற வரிசைகள் மஞ்சளாகவே இருந்தன.

கொறங்காடு என்பது என்ன? அதில் எங்கே பயறு இருக்கிறது, வெறும் புல்தானே?

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில், கரூர் வட்டாரங்களில் பஸ்ஸில் போகும்போது முள்வேலி போட்ட பெரிய பெரிய கட்டங்களாகத் தெரியுமே, அவைதான். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே இடைவெளி விட்டு வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இதில்தான் வளர்ந்தன. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். சரளை மண். வேறு எந்தப் பயிரும் சோறு போடாத நிலம்.

வெறும் புல் என்று தெரிவது, நின்றபடி பார்ப்பதால். குந்தி உட்கார்ந்து பாருங்கள். மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப்புல் தூர்களுக்கு நடுவே நரிப்பயறு கொடி ஓடும். செப்புநெருஞ்சி தரையோடு தரையாகப் படர்ந்து செம்பு நிறத்தில் பூக்கும். கொழிஞ்சி ஆங்காங்கே நிற்கும், ஆடுகூட விருப்பமாகக் கடிக்காது. அதனாலேயே அதன் தழை முழுவதும் மண்ணுக்குப் போகிறது. இவை எல்லாம் பயறுக் குடும்பம், யாரும் விதைக்காமல் வந்தவை. வெள்வேலமும் அந்தக் குடும்பம்தான். கோடையில் புல் காய்ந்து சருகானபோது அதன் காய் உதிர்கிறது. ஆடு அதைத் தின்று அந்த இடத்திலேயே புழுக்கை போடுகிறது.

என் அப்பாரு ஒரு கட்டத்தை மேய்த்தபின் கடவை (வேலியில் விட்ட வாசலை) அடைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்துக்குத்தான் மாட்டை ஓட்டுவார். புல் கணுக்கால் உயரம் வந்து விதை உதிர்ந்தபின்தான் மறுபடி கடவு திறக்கும். "விதை விழட்டும், அவசரப்படாதே அப்புனு" என்பார். அவருக்குக் கவலை புல்விதை பற்றி. ஆனால் அந்தக் காத்திருப்பில் நரிப்பயறும் காய்த்து வெடித்துவிடும். கடவை எப்போதும் திறந்தே போட்ட காடுகளில் முதலில் காணாமல் போவது இந்தப் பயறுக்கொடிகள். இனிப்பானது என்பதால் ஆடு அதைத்தான் தேடித் தின்னும். அடுத்து நல்ல புல் போகும். கடைசியில் சீமைக்கருவேலம் வந்து உட்காரும்.

கொறங்காட்டிலும் ஒரு ஓட்டை உண்டு, அதைச் சொல்லாமல் புகழக் கூடாது. பகலில் காட்டில் மேய்ந்த மாடு இரவில் தொண்டுப்பட்டிக்கு (மாடு அடைக்கும் இடத்துக்கு) வருகிறது. அங்கே விழும் சாணம் தோட்டத்துக் கத்திரிக்கும் தென்னைக்கும் போகிறது. காட்டின் சத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துக்கு இடம் மாறுகிறது. அதனால்தான் வருடத்தில் சில மாதமாவது ஆட்டுப் பட்டியைக் காட்டுக்குள்ளேயே, இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட வேண்டும் என்கிறேன். ஒரே இடத்தில் போட்டால் அந்த இடம் எரிந்துபோகும், மற்ற இடம் பட்டினி கிடக்கும்.

ஆவாரை, கொன்றை, புளி எல்லாம் பயறுக் குடும்பம்தானே, அவையும் தழைச்சத்து பிடிக்குமா?

பிடிக்காது. குடும்பப் பெயர் ஒன்றுதான், வேரில் மணி கிடையாது. ஆவாரந்தழையைப் பசுந்தாள் உரமாக மிதித்தால் பயன் உண்டு. ஆனால் அது மண்ணிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பித் தருகிறது.

பாசனம் இருக்கிறது. மாட்டுக்குப் பசுந்தீவனம் வேண்டும். எதோடு எதைப் போடுவது?

கம்பு நேப்பியர் மூன்று வரிசைக்கு வேலிமசால் ஒரு வரிசை என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை, நன்றாக வருகிறது. இரண்டையும் ஒன்றாக அறுத்து ஒன்றாகவே வெட்டிப் போடலாம். வேலிமசால் விதையின் தோல் கல்போல் இருக்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையை அதில் நான்கைந்து நிமிடம் போட்டு வடித்து, பிறகு குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து விதையுங்கள். இதைச் செய்யாமல் விதை மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நேப்பியர் வேகமாக எழும். முதல் இரண்டு மாதம் வேலிமசாலை அது அமுக்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலிமசாலை முதலில் விதைத்து, மூன்று வாரம் கழித்து நேப்பியர் கரணை ஊன்றுவது என் வழக்கம்.

மானாவாரியில் கொழுக்கட்டைப்புல்லோடு முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனம். புல்விதை பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும், மணலோடு பிசைந்து தூவுங்கள். இந்த வருடம் உதிர்ந்த புல்விதையை உடனே விதைத்தால் முளைப்பு சரியாக இருக்காது, ஆறேழு மாதம் கிடந்த விதைதான் நல்லது. ஆழமாகப் புதைத்தாலும் வராது.

சோளத்தோடு தட்டைப்பயறு, நெல்லோடு தக்கைப்பூண்டு: இதெல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

வரும். நெல், சோளம், கம்பு, ராகி, கரும்பு எல்லாமே புல்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக்கு நடுவே அவரை, கரிசலில் சோளத்தோடு தட்டையும் பாசியும் என்று நம்மவர்கள் செய்துவருவது இதே கூட்டுத்தான். நேரடி நெல் விதைப்பில் தக்கைப்பூண்டைக் கூடவே விதைத்து 35, 40 நாளில் கோனோவீடர் என்ற களைக்கருவியால் சேற்றில் அமுக்கிவிடுவதில் பயறின் தழை முழுவதும் வயலிலேயே தங்குகிறது. கணக்குப் பார்த்தால் இதுதான் மண்ணுக்கு நேர்மையான முறை. தட்டைப்பயறில் காயைப் பறித்துக்கொண்டு கொடியை உழுதால் நடுத்தரம்.

கென்யாவில் மக்காச்சோளத்துக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறுச்செடியும், வயலைச் சுற்றி நேப்பியர் புல்லும் வைக்கிறார்கள். தண்டுத்துளைப்பானை விரட்டத் தொடங்கிய ஏற்பாடு அது. டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையையும் ஒடுக்குவது பிறகு தெரிந்தது. தழைச்சத்தும் தீவனமும் கூடவே வரும் வரவு.

சோளத்தட்டையும் புல்தூரையும் மடக்கி உழுதேன். அடுத்த பயிர் வெளுத்துப்போனது, ஏன்?

நுண்ணுயிர்களின் பசி. காய்ந்த சோளத்தட்டில் 80 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற அளவில்தான் இருக்கும். அவற்றுக்குச் சமமான சாப்பாடு ஏறக்குறைய 25-க்கு 1. குறைகிற தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், உங்கள் பயிர் சில வாரம் பட்டினி. பச்சைப் பயறுத்தழை 15 முதல் 20-க்கு 1. இரண்டையும் கலந்து மடக்கினால் இந்தப் பட்டினிக் காலம் குறையும். தட்டு மட்டும்தான் என்றால் விதைப்புக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு, ஈரம் இருக்கும்போது உழுதுவிடுங்கள்.

ரைசோபியம் பாக்கெட் வாங்கியே ஆக வேண்டுமா?

தட்டை, உளுந்து, பாசி, நரிப்பயறு எல்லாம் எந்த வீட்டிலும் கைநனைப்பவை. நம் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவோடு சேர்ந்துகொள்ளும். குதிரைமசாலும் கொண்டைக்கடலையும் அப்படியல்ல, அவற்றுக்கு உரிய இனம் வேண்டும். முன்பு போடாத நிலத்தில் அவற்றைப் போடுவதானால் கட்டாயம் வாங்குங்கள். ஆறிய வடிகஞ்சியில் குழைத்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். காரின் பின்சீட்டில் வெயிலில் வைத்த பாக்கெட்டில் பாக்டீரியா செத்திருக்கும், மிஞ்சுவது அதைச் சுமந்த கரித்தூள் மட்டுமே.

எத்தனை வருடத்தில் மண் பரிசோதனையில் தெரியும்?

தழைச்சத்து எண்ணைப் பார்த்து அவசரப்படாதீர்கள். எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு என்று அட்டையில் போடுவார்கள். நம் மானாவாரி நிலங்களில் அப்படித்தான் வரும், பருவத்துக்குப் பருவம் ஆடவும் செய்யும். பார்க்க வேண்டியது கரிமச்சத்து, அதாவது மக்கில் உள்ள கார்பன். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 900 டன். கரிமச்சத்து 0.4 சதவீதத்திலிருந்து 0.5 ஆக ஏற வேண்டுமானால் 900 கிலோ கார்பன் மண்ணில் நிலையாகத் தங்க வேண்டும், அதோடு ஏறக்குறைய 80 கிலோ தழைச்சத்தும் கட்டுண்டு நிற்க வேண்டும். நான்கு மூட்டை யூரியா அளவு. நம் வெயிலில் மண்ணில் விழும் கார்பனில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் மூச்சாகப் போய்விடும், தங்குவது சிறுபங்கு. ஒரு வருடத்தில் தெரியும் என்று யாராவது சொன்னால் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் கைக்குத் தெரியும், மண் பொலபொலப்பாகும். ஐந்துக்கு மேல் காகிதத்தில் தெரியும். இடையில் ஒருமுறை ஆழ உழுதால் சேர்த்ததில் நிறையப் போய்விடும்.

கெடுதல் எதுவும் இல்லையா?

உண்டு. பயறு மிகுந்த பசுந்தீவனத்தை, அதிலும் ஈரம் உலராத குதிரைமசாலை, வெறும் வயிற்று மாட்டுக்குப் போட்டால் வயிறு உப்பும். புல் கலப்பது அதற்கும் மருந்து. சூபாபுல் என்ற பயறுக் குடும்ப மரத்தின் தழையைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம், அதில் உள்ள நச்சு முடி உதிரவைக்கும். மழை தவறிய வருடத்தில் இரண்டு பயிரும் ஒரே ஈரத்துக்கு அடித்துக்கொள்ளும், நெருக்கி விதைத்திருந்தால் இரண்டும் தோற்கும். பயறை வருடக்கணக்கில் அறுத்து வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் மண் மெல்ல அமிலமாகும். சுண்ணாம்பு மண்ணில் அந்தக் கவலை இல்லை, மலைப்பகுதிச் செம்மண்ணில் உண்டு.

கலப்பு நிலத்தில் மண் மாதிரியை எங்கே எடுப்பது?

மரத்தடி, வேலியோரம், பட்டி போட்ட இடம், சாணம் விழுந்த இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். புல்தூருக்கும் பயறுக்கும் இடைப்பட்ட இடங்களில், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டை ஒதுக்கி, அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறைத்துக்கொண்டு வாருங்கள். நிழலில் உலர்த்துங்கள். அடுத்த முறை எடுக்கும்போதும் அதே மாதம், அதே பருவம். பையின் மேல் தேதியையும் கட்டத்தின் பெயரையும் எழுத மறக்காதீர்கள். நான் மறந்த வருடத்துப் பை ஒன்று எந்தக் காட்டு மண் என்று தெரியாமல் இன்னும் பரண்மேல் கிடக்கிறது.